மூசா டீ போட்ட சனிக்கிழமை

கம்ப்யூட்டருக்குள் ஒன்றரை வருஷம் கிடந்துவிட்டு வெளியே வந்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். உள்ளே வெளிச்சம் கிடையாது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

தொண்ணூற்றாறில் நான் ஷார்ஜா தொழில்பேட்டையில், ஏ.சி.க்குத் தகரக் குழாய் அடிக்கிற கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பெயர் மீராசா, ஊர் கீழக்கரை. ஜுலைஹா பீவி மாசமாக இருக்கும்போது கிளம்பி வந்தவன். மாஹிரா பிறந்தாள், குப்புற விழுந்தாள், நடந்தாள், பேசினாள். எல்லாம் எனக்கு ரோலா கடைத்தெருவில் இருக்கும் ஃபோன் பூத்துக்குள்தான் நடந்தது.

எங்கள் வீட்டில் ஃபோன் இல்லை. அக்கா முறையான அடுத்த வீட்டு ஆலியா லாத்தா வீட்டில் சிவப்பாக ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நான் அதற்குத்தான் அடிப்பேன். ஜுலைஹா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடுவாள். "வாப்பா பேசுறாங்க, பேசு" என்று ரிசீவரைக் காதில் வைப்பாள். அப்படியே பழகி, அந்தச் சிவப்பு ஃபோன்தான் வாப்பா என்று பிள்ளை முடிவு செய்துவிட்டது. மற்ற நாளில் அது அடிக்காது அல்லவா, வாப்பா தூங்குகிறது என்று துண்டைப் போர்த்திவிட்டு வருமாம்.

"இப்ப என்ன கேக்குது தெரியுமா?" என்றாள் ஜுலைஹா ஒரு வெள்ளிக்கிழமை.

"என்ன கேக்குது?"

"பெருநாளைக்கு ஃபோனுக்குச் சட்டை எடுக்கணுமாம். நீங்க சீக்கிரம் வந்துருங்க. இன்னும் கொஞ்சம் நாள் போனா இது மனசு மாறாது."

அதனால்தான் லீவு கேட்டேன்.

எங்கள் கம்பெனியில் லீவு என்பது ஒரு தகரத் தட்டு. மேனேஜர் ரெங்கராஜ் சார் மேசையில் இருக்கும். கோயம்புத்தூர்க்காரர், நியாயஸ்தர். அப்ளிகேஷன் எழுதிப் போய்த் தட்டில் மேலாக வைத்துவிட்டு வரவேண்டும். சனிக்கிழமை காலையில் மேலே இருக்கிற ஒரு தாளை எடுத்துக் கையெழுத்துப் போடுவார். வாரத்துக்கு ஒரே ஆள். இருந்தும், சார் வேண்டியவனுக்குப் போடுகிறார் என்று பேச்சு வந்தது. மனுஷனுக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. இனி மனிதக் கையே படக்கூடாது என்று கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார்.

அதற்குப் புரோகிராம் எழுத வந்தவர் சேதுமாதவன். மதுரைக்காரர். ரோலாவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை, குடும்பத்தோடு அங்கேயே வாசம். அவர் மனைவி தாமரை கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தோடு வந்து, ஒரு சனிக்கிழமை முழுக்க மேனேஜர் மேசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாள் மேலே வந்து விழுகிறது, மேலேயிருந்து போகிறது. வேற்று நாட்டில் சொந்தக்காரனைப் பார்த்ததுபோல அவர் முகம் மலர்ந்தது.

"சார், நீங்க பண்றதுக்குப் பேரு ஸ்டாக். அப்படியே எழுதித் தரேன்."

"நான் பண்றது எதுவோ அது அப்படியே வரணும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்" என்றார் ரெங்கராஜ் சார்.

அப்படியே வந்தது. சோதித்துப் பார்க்க முதலில் ஒரு பெயர் வேண்டும் என்றார்கள். நான் முண்டியடித்துக்கொண்டு என் பெயரைக் கொடுத்தேன். கம்பெனியிலேயே முதல் ஆள். ஒரு கிலோ ஜிலேபி வாங்கி எல்லாருக்கும் கொடுத்தேன். ஜிலேபியைத் தின்ற கையோடு ஆளாளுக்கு வரிசையாக வந்து அவரவர் பெயரைக் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை வந்தது. கடைசியாகப் பெயர் கொடுத்தவனுக்கு லீவு. அடுத்த சனிக்கிழமைக்குள் புதிதாக இரண்டு பேர். அவர்களில் பிந்தி வந்தவனுக்கு லீவு. என் அறையில் பக்கத்துக் கட்டில்காரன் ராஜிக், எங்கள் ஊர்ப் பையன்தான், போய்விட்டு வந்து மறுபடியும் பெயர் கொடுத்து மறுபடியும் போனான். எத்தனை நாள் வேலை பார்த்தான் என்று கேட்கிற வரியை எழுதும்படி யாரும் சேதுவிடம் சொல்லவில்லை. பிற்பாடு ராஜிக் ஏர்போர்ட்டிலிருந்து வந்த டாக்ஸியை வாசலில் நிற்கவைத்துவிட்டு, உள்ளே வந்து பெயரைக் கொடுத்துவிட்டு, அதே டாக்ஸியில் திரும்பிப் போன தடவைகூட உண்டு. ஊரில் அவன் மாமனார் வாசலில் பூட்டுப் போட்டுவிட்டு வேறு தெருவுக்குக் குடிபோனார் என்று கேள்வி.

நான் சேதுமாதவனைப் பிடித்தேன். கேன்டீனில் உட்கார்ந்திருந்தார். எதிரே குப்பூஸ் ரொட்டி அடுக்கு.

"பாய், இதைப் பாருங்க" என்றார். "சூடா வர்ற ரொட்டியை எங்க வைப்பான்?"

"மேல."

"நீங்க எதை எடுப்பீங்க?"

"மேல உள்ளதை."

"வைக்கிறதுக்குப் பேரு புஷ். எடுக்கிறதுக்குப் பேரு பாப். அம்புட்டுத்தான் ஸ்டாக்."

"அடியில கிடக்கிற ரொட்டி?"

அவர் அடுக்கை லேசாகத் தூக்கிப் பார்த்தார். "மேல உள்ளதெல்லாம் தீர்ந்தா அதுவும் வரும், பாய்."

"தீரமாட்டேங்குதே. ராஜிக் சுட்டுச்சுட்டுப் போடுறான்."

"அது புரோகிராம் தப்பு இல்லை."

"என்னை மட்டும் நைசா உருவி எடுத்துரக் கூடாதா, சார்?"

"உருவ முடிஞ்சா அதுக்குப் பேரு ஸ்டாக் இல்லை." பொறுமையாகத்தான் சொன்னார். உள்ளே பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கிறதாம். பெட்டிக்கு ஒரு ஆள். டாப் என்று ஒரே ஒரு எண் வைத்திருக்கிறாராம். ஆள் வந்தால் அதில் ஒன்று கூடும். போனால் ஒன்று குறையும். கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த எண் எங்கே நிற்கிறதோ அந்தப் பெட்டி மட்டும்தான். கீழே யார் கிடக்கிறார்கள் என்று அது குனிந்தே பார்க்காது.

"பேரை வாபஸ் வாங்கிட்டுப் புதுசா குடுத்தா?"

"வாபஸ் வாங்கவும் நீங்க மேல வந்தாகணும், பாய்."

ரெங்கராஜ் சாரிடம் போனேன். "கம்ப்யூட்டருக்கு வேண்டியவன் வேண்டாதவன் கிடையாது, மீராசா" என்றார். உண்மைதான். அது எல்லாரையும் ஒரே மாதிரி அடுக்கியிருந்தது. அதில் நான் அடியில்.

கெஞ்சிப் பார்த்தேன். அறை அறையாகப் போய், கொஞ்ச நாள் யாரும் லீவு கேட்காதீர்கள் என்றேன். எல்லாரும் சரி என்றார்கள். என் மேல் பிரியமான ஆட்கள். நான் நகர்ந்ததும் ஒவ்வொருவனும், மற்றவன் கேட்கமாட்டான், இதுதான் நேரம் என்று ஓடினான். அந்த வாரம் விழுந்த பெயர்களைப்போல எந்த வாரமும் விழுந்ததில்லை.

வெள்ளிக்கிழமை பூத்துக்குள் நின்றால் அந்தப் பக்கம் மூச்சு கேட்கும். "வாப்பா, உனக்குச் சட்டை சின்னதாயிருச்சு" என்றது பிள்ளை.

ஒரு வியாழக்கிழமை சேதுமாதவன் கம்ப்யூட்டரை சர்வீஸ் பண்ண வந்தார். நானும் பின்னாலேயே போய் நின்றேன். வியாழக்கிழமைதான் வாரத்தின் கடைசி வேலை நாள். ஆபீஸுக்கு டீ போடுகிற மூசா அன்று தூசி தட்டுவார். தொழில்பேட்டைத் தூசி லேசுப்பட்டதில்லை. ஒரு வாரம் விட்டால் ஃபைல் மேல் கொத்தமல்லி விதைக்கலாம். மூசா ஒரு தடவை விதைத்திருக்கிறார். அந்தத் துவையலை நான் சாப்பிட்டிருக்கிறேன்.

அந்தத் தகரத் தட்டில் இப்போது டெலிவரி ரசீதுகள் கிடந்தன. மூசா மேலே இருந்த ரசீதை எடுத்தார். துடைத்தார். பக்கத்தில் வைத்தார். அடுத்ததை எடுத்தார், துடைத்தார், அதன் மேல் வைத்தார். முடிந்ததும் மொத்தமாகத் தூக்கித் தட்டில் வைத்துவிட்டுப் போனார். தட்டில் அடியில் கிடந்த ரசீது இப்போது உச்சியில் உட்கார்ந்திருந்தது.

சேதுமாதவன் வாய்வரை கொண்டுபோன டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"மூசா பாய், முன்னாடி லீவுத் தாளையும் இப்படித்தான் துடைப்பீங்களா?"

"எல்லாத் தாளும் தாள்தானே, சார். ஏன், சரியா துடைக்கலையா?"

அவ்வளவுதான் விஷயம். இத்தனை வருஷம் கம்பெனியில் நியாயம் நடந்தது ரெங்கராஜ் சாரால் அல்ல, மூசாவின் துணியால். வியாழக்கிழமை தோறும் அடுக்கு தலைகீழாகும். அடியில் கிடந்தவன் சனிக்கிழமை கண் விழித்தால் மேலே இருப்பான். சேது வந்து பார்த்ததோ சனிக்கிழமை. கம்ப்யூட்டருக்குள் தூசி தட்ட ஆள் இல்லை.

"ரெண்டாவதா ஒரு ஸ்டாக் எழுதுறேன்" என்றார் சேது. "இதுலேருந்து ஒவ்வொண்ணா எடுத்து அதுல போட வேண்டியது. அடி மேல வந்துரும். சனிக்கிழமை காலைல கம்ப்யூட்டர் எழுந்திரிச்சதும் முதல் வேலை அதுதான். பாய், நாளன்னிக்கு நீங்க உச்சியில."

ரெங்கராஜ் சாரும் ஒப்புக்கொண்டார். தான் பண்ணியது எல்லாம் வரவேண்டும் என்றுதானே சொன்னார். தூசி தட்டியதும் சேர்த்திதான் என்று விட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலை குளித்து, சட்டை மாட்டி, சார் அறையில் போய் நின்றேன். சேதுவும் வந்திருந்தார். கம்ப்யூட்டர் எழுந்தது. திரையில் மீராசா என்று வந்தது. என் பெயர் அவ்வளவு அழகு என்று எனக்கு அதுவரை தெரியாது. ரெங்கராஜ் சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். பட்டனை அழுத்த விரலை நீட்டினார்.

அந்த நேரம் பார்த்து மூசா கரண்டுக் கெட்டிலோடு உள்ளே வந்தார். பின்கட்டு அடுப்பில் கேஸ் தீர்ந்துவிட்டதாம். அந்த அறையில் இருந்தது ஒரே பிளக். "ஒரு நிமிஷம், சார்" என்று கம்ப்யூட்டரைப் பிடுங்கிவிட்டுக் கெட்டிலைச் சொருகினார். தண்ணீர் கொதித்தது. டீ வந்தது. நல்ல டீ. கம்ப்யூட்டரை மறுபடி சொருகினார். அது எழுந்து, இன்று சனிக்கிழமை என்று தெரிந்துகொண்டு, அடுக்கை மறுபடியும் கவிழ்த்தது.

திரையில் வேறொருவன் பெயர்.

சேதுமாதவன் என் பக்கம் குனிந்தார். என் காதில் சொன்னார்: "சனிக்கிழமைன்னா கவுத்துன்னு எழுதினேன். ஒரு தடவைதான்னு எழுதல."

"சார்கிட்ட சொல்லுங்களேன்."

"சொன்னா கவுக்கிற வரியையே தூக்கிருவாரு. பழையபடி அடியில கிடப்பீங்க."

"இன்னொரு டீ போட்டா?"

விரலை மடக்கிப் பார்த்தார். "மேல வந்துருவீங்க."

"சார், இன்னொரு டீ சாப்பிடுங்களேன்" என்றேன்.

"இப்பத்தானேய்யா குடிச்சேன்."

"டீ நல்லாயிருந்துச்சுன்னு சொன்னீங்களே."

"நல்லாயிருந்தா குளிக்கவா முடியும்? தள்ளி நில்லு." விரல் மறுபடி நீண்டது. கம்ப்யூட்டரைத் தொட்டால் வேலை போய்விடும். தொட்டால்தான் ஊருக்குப் போகலாம். நான் தொடவும் முடியாமல் நகரவும் முடியாமல் நின்றேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு ராஜிக் வந்தான். நேரே ஏர்போர்ட்டிலிருந்து. வெளியே டாக்ஸி உறுமிக்கொண்டிருந்தது. கையில் ஒரு டப்பா.

"ஸலாம் காக்கா" என்று அண்ணன் முறையில் எனக்கு ஒன்று போட்டுவிட்டு மேசைப் பக்கம் திரும்பினான். "சார், என் பேரையும் போட்டுருங்க. இது ஊர்த் தொதல், சாப்பிடுங்க."

கீழக்கரைத் தொதல் அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். தேங்காய்ப்பாலும் சீனியும் மாவும் போட்டு, கிண்டுகிறவன் தோள் கழலும்வரை கிண்டுவது. அதை வைத்து ஓட்டை விழுந்த தோணியை அடைத்துக் கடலுக்குப் போய்வந்தவர்கள் எங்கள் தெருவில் உண்டு. ரெங்கராஜ் சார் ஒரு பெரிய துண்டாக வாயில் போட்டார். இரண்டு தடவை மென்றார். பிறகு மெல்லவில்லை. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றாகிவிட்டன. கண் மட்டும் எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தது.

"சூடா ஏதாவது குடிச்சாத்தான் விடும், சார்" என்றேன்.

கெட்டிலைக் கையால் காட்டினார்.

மூசா கம்ப்யூட்டரைப் பிடுங்கினார். அதற்குள் ராஜிக் பெயரைப் போட நேரமில்லை என்று அவனுக்குக் கொஞ்சம் வருத்தம். டீ வந்தது, கம்ப்யூட்டர் எழுந்தது, மீராசா வந்தான். சாருக்கு ஏதோ கேட்க வேண்டும்போல இருந்தது, மூக்கால் முனகினார். கேட்க வாய் இல்லாததால் பட்டனை அழுத்திவிட்டார்.

ஊருக்குப் போனேன்.

மாஹிரா நான் கொண்டுபோன பொம்மையை ஏற்றுக்கொண்டாள். சாக்லேட்டை ஏற்றுக்கொண்டாள். நான் கிட்டப் போனால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். ஜுலைஹா, "வாப்பாம்மா, வாப்பா" என்று சொல்லும்போதெல்லாம் அடுத்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். நான் சோறு தின்பதைத் தூணுக்குப் பின்னால் நின்று கவனிப்பாள். வெள்ளிக்கிழமை புதுப் பாவாடை கட்டிக்கொண்டு ஆலியா லாத்தா வீட்டில் போய் ஃபோன் முன்னால் உட்கார்ந்தாள். அது அடிக்கவில்லை. எப்படி அடிக்கும்? அடிக்கிறவன் இங்கே திண்டாடிக்கொண்டிருக்கிறான். துண்டை எடுத்து அதற்குப் போர்த்திவிட்டு, வாப்பாவுக்குக் காய்ச்சல் என்று அழுதாளாம்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெரு ஃபோன் பூத்துக்குப் போனேன். ஆலியா லாத்தா வீட்டுக்கு அடித்தேன்.

"வாப்பா!" என்றது குரல்.

"சொல்லும்மா."

"எங்க வீட்டுக்கு ஒரு ஆளு வந்திருக்காரு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உம்மா அவருக்குச் சோறு போடுது. போகவே மாட்டேங்குறாரு. நீ சொல்லு."

"சொல்றேன்."

"எப்ப போவாரு?"

"லீவு முடிஞ்சதும் போயிருவாரும்மா."

"அப்புறம் நீ ஃபோன் பண்ணுவியா?"

பண்ணுவேன் என்றேன். லீவு முடிந்து ஷார்ஜா போய்ச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை பண்ணினேன். அந்த ஆள் போய்விட்டார் என்று சந்தோஷமாகச் சொன்னாள்.