சுந்தரவல்லியின் கழுத்துக் கட்டி

கழுத்தில் கட்டி புறப்பட்ட நாளிலிருந்தே சுந்தரவல்லி பாதி உயிராகிவிட்டாள். தைராய்டில் புற்றுநோயாக இருக்கலாம், வரும் திங்கட்கிழமை சுரப்பியையே எடுத்துவிடலாம் என்று டாலிகஞ்ச் பக்கத்து ஆஸ்பத்திரியில் நாள் குறித்துவிட்டார்கள். குரல் போனாலும் போகலாம் என்று வேறு சொல்லிவைத்தார்கள். பாவி மனுஷி, பட்டுப்புடவைகளையெல்லாம் மடித்து மகள் தேவிப்ரியாவின் பீரோவில் அடுக்கிவிட்டு, சோறு இறங்காமல் கிடந்தாள்.

கல்யாணமாகிக் கொல்கத்தாவுக்கு வந்து இருபத்தைந்து வருஷமாகியும் அவளுடைய வங்காளம் பெஹாலா சந்தை மீன்காரியோடு பேரம் பேசுகிற அளவுதான். டாக்டரிடம் பேசுவதெல்லாம் துறைமுகத்தில் வேலை பார்க்கும் கணவர் கோவிந்தராஜன். வீட்டில் யாருக்காவது டிபி வந்ததுண்டா என்று முதல் நாளே கேட்டார்கள். இல்லவே இல்லை என்று அவர் சட்டென்று சொன்னார். அவளும் தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் தீப்தி மூவரையும் கூப்பிட்டனுப்பினார். மறுபடி ஊசி குத்தி எடுத்துப் பார்த்ததில் கட்டிக்குள் டிபி கிருமி இருந்ததாம். தைராய்டில் அது வருவது அபூர்வம், தன் அனுபவத்தில் இதுதான் முதல் கேஸ் என்றார். ஆபரேஷன் வேண்டாம், மாத்திரையிலேயே குணமாகிவிடும். தேவிப்ரியா தமிழில் சொல்லச் சொல்ல சுந்தரவல்லிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. போன உயிர் திரும்பி வந்தால் யாருக்குத்தான் வராது!

அப்புறம் டாக்டர் பழைய கேள்வியையே கேட்டார். கோவிந்தராஜன் தரையைப் பார்த்தார்.

"எனக்கு வந்திருக்கு," என்றார் மனைவியிடம். "இவ பொறக்கறதுக்கு நீ மதுரைக்குப் போயிருந்தப்ப. உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா உன்னைத் திருப்பி அனுப்பமாட்டார்னு மறைச்சுட்டேன்."

கைக்குழந்தையோடு திரும்பி வந்தவளிடம் சத்து மாத்திரை என்றல்லவா சொன்னார்! மாதக்கணக்கில் தம்ளரில் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததே அவள்தான். அந்தக் காலத்தில் மறைத்ததைக்கூட விட்டுத்தள்ளலாம். ஆஸ்பத்திரியில் கேட்ட அன்றைக்கே சொல்லியிருந்தால் டிபியா என்று அப்போதே பார்த்திருப்பார்களே! இந்தப் பதினேழு நாளும் அவள் சாகத் தயாரானதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தாரே, இந்த மனுஷன்!

"இந்த ரிப்போர்ட் வரலேன்னா, திங்கக்கிழமை என் கழுத்தை அறுக்க விட்டிருப்பீங்களா?"

"காலையில சொல்லிரணும்னுதான் தெனமும் படுத்தேன்."

"அதைக் கேக்கல. விட்டிருப்பீங்களா, மாட்டீங்களா?"

அவர் டாக்டர் பக்கம் திரும்பி, மாத்திரை எத்தனை மாதம் சாப்பிடவேண்டும் என்று வங்காளத்தில் கேட்டார்.