அக்காவுக்குப் பிடித்தம் கிடையாது

சுவிட்சர்லாந்தின் ஓல்டன் நகரில் ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் அனுபமாவுக்கு வேலை. சம்பளத்தில் முதியோர் காப்பீட்டுக்கு ஒரு பங்கு பிடித்து, முதலாளியும் அதே அளவு போட்டுக் கட்டும் கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வீட்டு வேலைக்கு வருபவருக்கு முதல் பிராங்கிலிருந்தே அந்தச் சட்டம் உண்டு என்பதும் தெரியும்.

ஆனால் யோகாம்பாள் வேலைக்காரி இல்லையே, அக்கா ஆயிற்றே. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர், அறுபதை நெருங்குகிறார். சில ஆண்டுகளாக அனுபமாவின் வீட்டில் சமைத்து, துடைத்து வைத்துவிட்டுப் போகிறார். அனுபமாவை வாய் நிறையத் தங்கச்சி என்பார். வெள்ளிக்கிழமைகளில் அனுபமா பணக் கவரோடு மஞ்சள் குங்குமமும் வைத்துக் கொடுப்பாள். தாய்வீட்டுச் சீர் மாதிரி இருக்கும். சொந்தத்துக்கு யாராவது பிடித்தம் போடுவார்களா? நல்ல சாமர்த்தியம்தான்.

இன்று குளியலறையைக் கழுவும்போது அக்கா வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. மருத்துவமனையில் பதிவு செய்த பெண் ஜெர்மனில் கேட்டாள்: "வேலையில் நடந்ததா? வேலை கொடுப்பவர் பெயர்?"

அனுபமா மனதுக்குள் கணக்குப் போட்டாள். பெயரைச் சொன்னால் விபத்துக் காப்பீடு எங்கே, கட்டாத பங்கு எங்கே என்று எல்லாம் வெளியே வரும். சொல்லாவிட்டால் செலவு அக்காவின் தலையில் விழும்.

யோகாம்பாள் முந்திக்கொண்டார். "வேலை இல்லை. இது என் தங்கை வீடு."

"நீங்கள்தான் தங்கையா?"

அனுபமா தலையாட்டினாள்.

இருவரும் போய் உட்கார்ந்ததும் யோகாம்பாள் மெல்லத் தமிழில் சொன்னார். "பயப்பிடாதேங்கோ தங்கச்சி. உங்கடை பேரை நான் ஆருக்கும் சொல்ல மாட்டன்."

அனுபமா கூசிப்போனாள். "உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

"ஓம். முந்தி வேலை செய்த இடத்திலை பென்சனுக்குப் பிடிச்சவை. நீங்கள் பிடிக்கேல்லை. கேட்டால் நிப்பாட்டிப் போடுவியள் எண்டு கேக்கேல்லை."

எந்த அக்கா தன் தங்கையிடம் இப்படிப் பயப்படுவாள்? வெட்கம் அனுபமாவைப் பிடுங்கித் தின்றது. எழுந்து பதிவு மேசைக்குப் போனாள்.

"நான் தங்கை இல்லை. இவருக்கு வேலை கொடுப்பவள். என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்."

திரும்பி வந்தபோது யோகாம்பாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வீங்கிய மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனி வர வேண்டாம் எண்டு சொல்லுவியளோ, மேடம்?"