தட்டு யாருடையது

ஒத்திகைக்கு விடியுமுன் மைதானத்தில் இறங்கிவிட வேண்டும் என்பது பேண்டு கம்பெனியின் சட்டம். வெயில் ஏறினால் பித்தளை கொதிக்கும், விடியலில் அது குளிர்ந்து விரலைக் கடிக்கும். இரண்டில் எது தேவலை என்று யாராவது கேட்டால், "ரெண்டையும் நான் கேக்கலையே" என்பாள் தட்டுக்காரி. எல்லாரும் சிரிப்பார்கள். அன்று அவள் அதைச் சொல்லவில்லை. அவள் கண்ணெல்லாம், கையில் இருந்த ஜோடிப் பித்தளைத் தாளத் தட்டுகளில், இடது கைத் தட்டின் விளிம்பிலேயே இருந்தது.

அங்கே ஒரு விரிசல். தலைமுடி அளவுதான் இருந்தது முதலில். இப்போது நகத்தை விட்டுப் பார்த்தால் நகம் மாட்டுகிறது. அடிக்க அடிக்க அது நடுவை நோக்கி ஓடும். ஓடும் முனையில் பட்டறைக்காரன் சின்னதாக ஒரு துளை போட்டுவிட்டால் அங்கேயே நின்றுவிடும். இது ஊர்வலத்தில் தட்டடிக்கும் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். அவளும் முதலாளியிடம் காட்டிக் காட்டி அலுத்துப் போனாள். "பார்த்துக்கலாம்" என்றே அவர் காலத்தைத் தள்ளினார்.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். இரண்டு கையிலும் கனத்தைச் சுமந்து நடப்பவளின் பயத்துக்குப் பழமொழி எதுவும் கிடையாது. தோல் வார் மணிக்கட்டை அறுக்க, தோள்பட்டை இறங்கி இறங்கி ஏற, அவள் நடந்தாள். பக்கத்தில் அவள் கணவன், வயிற்றின் மேல் பெரிய டிரம்மைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தபடி நடந்தான். மறுபக்கம் நெட்டையன், இன்னொரு ஜோடித் தட்டோடு. முன்னால் சின்ன டிரம்காரர்கள், அவர்களுக்கும் முன்னால் ஊதுகிறவர்கள்.

அணி திரும்பும் இடத்தில் தட்டை ஓங்கி அடிக்க வேண்டும். நேருக்கு நேராக அறைந்தால் காற்று உள்ளே மாட்டிக்கொண்டு சத்தம் செத்துவிடும், சற்றே சாய்த்து உரசி அடிக்க வேண்டும். அவள் சரியாகத்தான் அடித்தாள். ஆனால் வந்தது தட்டின் சத்தமல்ல, ஓட்டைச் சட்டியின் சத்தம். விளிம்பிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து பறந்தது. நெட்டையன் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான். அவன் விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

"கண்ணு! கண்ணுல பட்டுச்சா? கையை எடுடா!" அவள் தட்டுகளோடு அவன் முன் மண்டியிட்டாள். வாரிலிருந்து கையை உருவக்கூடத் தோன்றவில்லை.

கண் தப்பியது. புருவம் கிழிந்திருந்தது.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார் முதலாளி, நிதானமாக வந்து பார்த்துவிட்டு. தலைப்பாகை அவருடையதல்ல என்பதால் அவருக்கு அது சுலபமாக வந்தது. பிறகு உடைந்த தட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஏன் உடைஞ்சது தெரியுமா? கம்பெனி தட்டு. ஓசின்னா யாரும் பார்த்து அடிக்கிறதில்ல. சொந்தத் தட்டா இருந்தா குழந்தை மாதிரி வச்சுப்பீங்க."

"எத்தனை தடவ காட்டினோம் முதலாளி?" நெட்டையன் துணியை நெற்றியில் அழுத்தியபடியே கேட்டான். "ஒரு துளை போட்டுக் குடுத்திருந்தா அதோட நின்னிருக்கும்."

"பட்டறைக்கு யாருப்பா அனுப்பணும்? பொருள் யாருதோ அவங்க அனுப்பணும்."

"பொருள் உங்களுதுதானே?"

"அதைத்தான் மாத்தப்போறேன்" என்றார் முதலாளி.

அடுத்த ஊர்வலத்திலிருந்து தட்டடிக்கிறவர்கள் சொந்தத் தட்டோடு வர வேண்டும். டிரம்மும் ஊதுகுழல்களும் எப்போதும்போலக் கம்பெனியுடையவை. கையில் காசில்லாதவர்களைக் கைவிட அவருக்கு மனம் வருமா? பெட்டியில் இருக்கும் தட்டுகளையே எடுத்துக்கொள்ளலாம், கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அவர் வீசியெறிய வேண்டிய விரிசலை இவர்கள் விலை கொடுத்து வாங்க வேண்டும்.

டிரம்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். தங்கள் பக்கம் வரவில்லை என்ற நிம்மதி முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்ற கூச்சம் அவர்களுக்கு.

அப்போதுதான் முதலாளி அவள் பக்கம் திரும்பினார். முதுகை நிமிர்த்தி, முகவாயைத் தூக்கி, அவள் கண்ணை நேராகப் பார்த்தார். ஒரு காலத்தில் அவரே அணியை நடத்தியவர். புறப்படும் முன் அணித்தலைவர் தட்டுக்காரர்களை அப்படித்தான் பார்ப்பார். வாரைக் கையில் சுற்றியாயிற்று, தயார் என்று அவர்கள் தலையாட்ட வேண்டும். வாய் திறக்கும் வழக்கமில்லை. தலையசைவு வந்த பிறகுதான் அவர் கையைத் தூக்குவார், அணி நகரும்.

அவள் தலையாட்டினாள்.

"பார்த்தீங்களா? தட்டுக்காரியே ஒத்துக்கிச்சு" என்றார் முதலாளி. "அப்புறம் என்ன பேச்சு?" அவர் போய்விட்டார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் ஊரில் நிறைய உண்டு. இவள் தலையைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"அக்கா, என்ன பண்ணிட்டீங்க?" என்றான் நெட்டையன்.

"சத்தியமா நான் ஒத்துக்கலடா. அவரு பார்த்தாரு, தலை தானா ஆடிருச்சு."

"தானா ஆடுற தலைன்னு தெரிஞ்சுதானே பார்த்தாரு" என்றான் சின்ன டிரம் அடிக்கும் வாயாடி.

அவர்கள் குடியிருந்தது ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, மறு மூலையில் மகளின் பாய், நடுவில் கயிற்றில் இரண்டு சீருடைகள். அன்று மாலை சோற்றை வடித்துக்கொண்டிருந்தபோது மூடி கை தவறிக் கீழே விழுந்து சுழன்றது. அவள் பாய்ந்துபோய் மகளின் கண்களைப் பொத்தினாள். விளையாடிக்கொண்டிருந்த குழந்தை, "என்னம்மா?" என்று விழித்தது. மூடி சுழன்று ஓய்ந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.

கணவன் அதைப் பார்த்தான். அவன் தோளில் டிரம் வாரின் தடம் சிவந்து கிடந்தது.

"வாங்கிடலாம்" என்றான். "நல்லதா, புதுசா. சொந்தத் தட்டு இருந்தா எந்த பேண்டு செட்டு கூப்பிட்டாலும் போகலாம். இவருகிட்டயே கைகட்டி நிக்க வேணாம்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. சொந்தத் தட்டு, விரிசல் இல்லாத விளிம்பு, பயமில்லாத ஓர் அடி. அவளுக்கும் ஒரு கணம் ஆசை எழுந்தது.

"அதுவும் விரிசல் விட்டா?"

"பார்த்து அடி."

"பார்த்துப் பார்த்து அடிச்சா எவன் கேப்பான்? ஓங்கி அடிக்கத்தானே கூலி தர்றான்? அடிக்க அடிக்கத் தேயுற பொருளுங்க அது. உடையுற அன்னிக்கு வேலையும் போச்சு, பொருளும் போச்சு. நோகாம அவரு அடுத்தவளைக் கூப்பிடுவாரு."

"போன வருஷம் எங்களைக் குச்சி சொந்தமா வாங்கச் சொன்னாரு. வாங்கினோம். செத்தா போயிட்டோம்?"

"அன்னிக்கு நீங்க வாயை மூடிக்கிட்டு வாங்கினீங்க, இன்னிக்குத் தட்டு வந்திருக்கு. நாளைக்கு உங்க டிரம்மோட தோல் கிழியும். அப்ப யாரு வாங்குறது?"

அவன் தோளின் தடத்தைத் தடவினான். "அப்ப நீயே போய் முடியாதுன்னு சொல்லேன்" என்றான், கோபமாக இல்லை, கெஞ்சுவதுபோல.

அவளுக்குப் பயமாக இருந்தது. அவனுக்கும் அப்படித்தான் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு பேர் கூலியும் ஒரே வாசல் வழியாகத்தான் வருகிறது. வாசலை அவர் சாத்தினால் இந்த அறை, அந்த அடுப்பு, அந்தப் பாய் எல்லாம் தெருவில்தான்.

மறுநாள், எல்லாரும் சேர்ந்து முடியாதென்று சொல்லலாம் என்று கேட்க, அவள் ஒவ்வொருவராகத் தேடிப் போனாள். புருவத்தில் தையலோடு நெட்டையன் கூடவே வந்தான். "தட்டு உங்க பாடுதானே" என்றார்கள் சிலர். குச்சிக் கதையையும் தோல் கதையையும் சொன்னதும் பேச்சு நின்றது. டீக்கடை பெஞ்சில் எல்லாரும் குரலைத் தாழ்த்தினார்கள், தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் முதலாளியின் வேனோ என்று திரும்பினார்கள். கடைசியில், "பார்க்கலாம்" என்றார்கள். நம் ஆட்கள் மாட்டேன் என்பதை மரியாதையாகச் சொல்லும் விதம் அது. ஊர்வலத்தன்று அவள் அந்தப் 'பார்க்கலாம்' ஒன்றை மட்டும் நம்பிப் புறப்பட்டாள். அதை நம்பியதாகக்கூடச் சொல்ல முடியாது.

புதிதாகத் திறக்கப்போகும் பெரிய கடை ஒன்றின் விளம்பர ஊர்வலம். கடைக்குப் பின்தெருவில் அணி நின்றது. முதலாளி பெட்டியைத் திறந்து தட்டுகளை எடுத்தார். அதே தட்டு. பிய்ந்த இடத்தை அரத்தால் ராவி வழவழப்பாக்கி, புது வார் போட்டிருந்தார். விரிசலின் மிச்சம் நடுவை நோக்கி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தா. இனிமே இது உன்னது."

அவள் கையை நீட்டவில்லை. தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இது என்னது இல்ல முதலாளி."

"அன்னிக்கு ஒத்துக்கிட்டியே!"

"ஒத்துக்கல. நீங்க புறப்படுற பார்வை பார்த்தீங்க, நான் தயார்னு தலையாட்டினேன். அணி நடத்தினவரு நீங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் முகம் ஒரு நொடி சிவந்தது. பிறகு நெட்டையன் பக்கம் தட்டை நீட்டினார். நெட்டையன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"சரி, வேணாம். தட்டு இல்லாமயே ஊர்வலம் போகும். டிரம்காரா, ஆரம்பி!"

பெரிய டிரம் பேசவில்லை.

"காது கேக்கலையா? உன் பொண்டாட்டிக்குப் புத்தி சொல்லுய்யா. ரெண்டு கூலியும் ஒரே நாள்ல நின்னா அடுப்பு எப்படி எரியும்னு யோசிச்சியா?"

அவள் கணவனைப் பார்க்கப் பயந்தாள். அவன் முகத்தைப் பார்த்தால், மன்னித்துவிடுங்கள் என்று முதலாளியிடம் சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டுவிடுவோமோ என்று பயந்தாள். அவன் காலைத்தான் பார்த்தாள். பிறகு வாரின் கொக்கி கழலும் சத்தம் கேட்டது. அவன் குனிந்து, டிரம்மை அலுங்காமல் தெருவில் இறக்கி வைத்தான்.

"யோசிச்சாச்சு முதலாளி" என்றான். "அவ சொல்றதுதான் சரி."

வாயாடி என்ன சொல்வான் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவன் ஒன்றும் சொல்லாமல் குச்சிகளை இடுப்பில் செருகிவிட்டுச் சின்ன டிரம்மைக் கழற்றினான். அடுத்தவன் கழற்றினான். ஊதுகிறவர்கள் கருவிகளை அக்குளில் இடுக்கிக்கொண்டார்கள். "தட்டும் குச்சியும் கம்பெனிதான் தரணும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யாரென்று தெரியவில்லை, அத்தனை மெல்லிய குரல்.

"வேற செட்டு இல்லைன்னா நினைச்சீங்க?" முதலாளி போனைக் காதில் வைத்தபடி தெருமுனைக்குப் போனார்.

அவர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். ஒருவர் மூச்சு ஒருவர் மேல் பட்டது. வியர்வை நாற்றம், பித்தளை நாற்றம். வீட்டில் என்ன சொல்வது என்று ஒருவன் முணுமுணுத்தான். ஜெயித்த கூட்டம் போல யாரும் இல்லை. ஆனால் யாரும் குனிந்து டிரம்மை எடுக்கவுமில்லை.

அரை மணி நேரத்தில், வேறு நிறச் சீருடை அணிந்த இன்னொரு செட்டோடு ஒரு வேன் தெருவுக்குள் திரும்பியது.

"வந்துட்டாங்க அக்கா" என்றான் நெட்டையன். "போச்சு. இப்ப என்ன பண்றது?"

அவளுக்கும் போச்சு என்றுதான் இருந்தது. "அதுலயும் தட்டுக்காரங்க இருப்பாங்கல்ல?" என்றாள் மெதுவாக.

அவள் நடந்தாள். வேனை நோக்கித்தான். பின்னால் டிரம் இல்லாமலே எல்லாக் காலடிகளும் ஒரே சீராக வந்தன. அவர்களுக்கு வேறு விதமாக நடக்கத் தெரியாது. வேனின் ஜன்னலோரத்தில் ஓர் இளம்பெண் மடியில் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தாள்.

"தங்கச்சி" என்று கூப்பிட்டாள் தட்டுக்காரி. "அது உன் தட்டா, கம்பெனி தட்டா?"

அந்தப் பெண் மிரண்டுபோய் முன்சீட்டில் இருந்த தன் முதலாளியைப் பார்த்தாள், தெருவில் வரிசையாகக் கிடந்த டிரம்களைப் பார்த்தாள், நெட்டையனின் புருவத்துத் தையலைப் பார்த்தாள். பிறகு தட்டுகளை இருக்கையில் வைத்துவிட்டு வேனிலிருந்து இறங்கினாள்.