ஒன்பது எண்கள், பின்னிருந்து முன்னாக

இருபத்தைந்து நாள் பயிற்சியை ஒரு நாள்கூட விடாமல் முடித்தேன். இருபத்தோரு வயதில் நான் முழுதாக முடித்த ஒரே காரியம் அதுதான்.

கனடாவின் வினிபெக்கில், என் கல்லூரியில் நடந்த ஆய்வு அது. கவனக்குறைபாடு உள்ளவர்களுக்கு நினைவாற்றல் பயிற்சி. திரையில் எண்கள் ஒவ்வொன்றாக வரும். கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். நான்கு எண்ணில் தொடங்கி ஒன்பதுக்கு வந்தேன். பயிற்சியாளன் டேரன் வாராவாரம் போனில் கூப்பிட்டு, "டீகன், பின்னி எடுக்குற போ!" என்பான். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். சின்ன வயதிலிருந்தே "புத்திய எங்க மேய விட்ட?" என்று திட்டு வாங்கியே வளர்ந்தவள் நான்.

பதினெட்டாம் நாள், எட்டு எண்ணைத் தாண்டியே தீருவது என்று உட்கார்ந்திருந்தேன். அதே நேரம், அதே கட்டடத்தின் மேல்மாடியில் என் புள்ளியியல் தேர்வு நடந்து முடிந்தது. ஏற்கனவே இரண்டு பாடம் போயிருந்தது. இதுவும் போனால் கல்லூரியை விட்டே வெளியே.

வெளியேற்றத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்தேன். என் குறைபாட்டை விளக்கி எழுதி, நான் சும்மா இருக்கவில்லை என்று காட்ட, பயிற்சி மதிப்பெண்களையும் பெருமையாகச் சேர்த்துக் கொடுத்தேன். என் கையாலேயே.

விசாரணை அறையில் என் பனிக்காலணி தரையெல்லாம் சொட்டியது. குழுத் தலைவி ஹால்வர்சன் தாளைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏம்மா, ஒன்பது எண்ணத் திருப்பிச் சொல்றியே, எனக்கே அது வராது. பரீட்சை மட்டும் மறந்துபோச்சாக்கும்?"

"அது வேற மறதி மேடம்."

"மறதியில ரகம் வேற இருக்கா?"

பக்கத்திலிருந்தவர் சிரித்தார். மேல்முறையீடு தள்ளுபடி.

நேரே டேரனிடம் போனேன். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"இந்த எண் விளையாட்டுல மட்டும்தான் மார்க் ஏறுது டீகன். அன்றாட வேலையில ஒரு மாற்றமும் இல்ல. எல்லாருக்குமே அப்படித்தான்."

"எப்பத் தெரியும்?"

"போன மாசம்."

"அத ஒரு தாள்ல எழுதிக் குடு. அவங்ககிட்ட காட்டுறேன்."

"ஆய்வு முடியிற வரைக்கும் வெளிய சொல்லக்கூடாது. உங்கிட்ட சொன்னதே தப்பு."

பாவி. அதற்குப் பிறகும்தான் நான் பின்னி எடுப்பதாக வாராவாரம் சொன்னான்.

என் மாணவர் எண் ஒன்பது இலக்கம். இப்போதும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கடைசியிலிருந்து முதல்வரை தப்பில்லாமல் சொல்வேன். வெள்ளிக்கிழமை அதை ரத்து செய்துவிட்டார்கள்.