அரை டாக்டரின் துணிப்பை

குடும்பத்தில் அவனுக்கு 'அரை டாக்டர்' என்று பேர். ஆராய்ச்சிப் பட்டம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்துவிட்டது, பட்டத்தைத்தான் காணோம். இரண்டு மொழி கேட்டு வளரும் பிள்ளையிடம் பெயர்ச்சொற்கள் எப்படி முளைத்து வளர்கின்றன என்பதுதான் ஆராய்ச்சி. அதற்காக அவன் வெளியே அலைய வேண்டியிருக்கவில்லை. அக்கா மகள் பட்டாணி இருந்தாள்.

அக்கா பிள்ளையிடம் ஆங்கிலம் பேசினாள். ஹங்கேரியக்காரரான அத்தான் தன் மொழியில் பேசினார். தமிழ் அந்த வீட்டில் அக்காவும் தம்பியும் சண்டை போட மட்டும்தான்.

சனிக்கிழமைதோறும் துணிப்பையோடு வந்து தரையில் உட்காருவான். பந்து, கரண்டி, ஷூ, சாவி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைப்பான். தான் வாயைத் திறக்கக் கூடாது. சொல்லை எடுத்துக் கொடுத்தால் எல்லாம் கெட்டது. எதிரே அம்மா உட்கார்ந்து கேட்டால் பட்டாணி ஆங்கிலத்தில் சொல்வாள், அப்பா கேட்டால் ஹங்கேரியனில். ஆங்கிலத்தில் சொல் மொட்டையாக நிற்கும். 'என்', 'உன்' எல்லாம் தனியாக முன்னால் வரும். ஹங்கேரியனில் அவை சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். சாவி என்றால் 'குல்ச்'. என் சாவி என்றால் 'குல்ச்சொம்'. வெறும் 'குல்ச்' சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை ஒருநாள் சாவியைப் பிடுங்கி மார்போடு வைத்துக்கொண்டு 'குல்ச்சொம்' என்றாள். அன்றைக்கு அரை டாக்டர் குதித்த குதி இருக்கிறதே! அத்தான் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினார்.

அந்த அத்தான்தான் பெட்டியைக் கட்டிக்கொண்டு தன் ஊருக்குப் போனார். போனவர் போனவர்தான். போன் போட்டாலும் எடுப்பதில்லை. பாவி மனுஷன்.

அதன்பின் எதைக் காட்டினாலும் பட்டாணிக்கு ஆங்கிலம்தான். புத்தகத்தில் படித்த ஹங்கேரியனில் அரை டாக்டரே கேட்டுப் பார்த்தான். அவள் கெக்கெக்கென்று சிரித்துவிட்டுப் பந்தை உருட்டப் போய்விட்டாள்.

ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு கையை விரித்துவிட்டார். "ஒரு பக்கம் இங்கிலீஷ் இருக்கு. இன்னொரு பக்கம் பாதியில நிக்குது. இதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. இனிமே உனக்கு டைம் வாங்கித் தரவும் என்னால ஆகாது."

"விட்டுத் தொலையேன்டா," என்றாள் அக்கா. "இப்பதான் அவரைக் கேட்காம தூங்குறா. மறந்தா மறந்துட்டுப் போகட்டும்."

விடுவானா? அடுத்த சனிக்கிழமை அக்கா துணி காயப்போட மாடிக்குப் போன நேரம் பார்த்து, சாவியைத் தரையில் வைத்தான். ரெக்கார்டரை ஓடவிட்டான். போனில் பழைய பதிவு ஒன்றைத் தேடித் தட்டினான்.

"மி எஸ்?" என்றது அத்தானின் குரல். இது என்ன?

பட்டாணியின் கையிலிருந்த பந்து நழுவியது. சாவியைப் பார்த்தாள். "குல்ச்சா," என்றாள்.

என்றால் 'அவர் சாவி'! அப்படி அவள் சொன்னதே இல்லை. அரை டாக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்றுதான் முதலில் பார்த்தான். நிமிர்ந்தபோது பிள்ளை எதிரே இல்லை. சாவியோடு வாசல் கதவுக்கு ஓடியிருந்தாள். பூட்டு எட்டவில்லை. கதவைத் தட்டித் தட்டி அப்பாவைக் கூப்பிட்டாள்.

அக்கா இறங்கி வந்தபோதும் தட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

"என்னடா பண்ணித் தொலைச்ச?"

"குரலைப் போட்டேன்க்கா. ஒரே ஒரு தடவை."

அக்கா அவனைத் தள்ளிக்கொண்டு கதவுக்கு ஓடினாள். பிள்ளையைத் தூக்கப் போனாள்; அது உடம்பை விறைத்துக்கொண்டு கைப்பிடியை விடாமல் அலறியது.

பதிவைக் கேட்ட கைடுக்கு வாயெல்லாம் பல். "பிரமாதம்யா! இதே மாதிரி இன்னும் கொஞ்சம் கொண்டு வா, முடிச்சிடலாம்."

போகக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் சனிக்கிழமை துணிப்பையை எடுத்துக்கொண்டு போனான்.

அக்கா கதவைத் திறந்தாள். பட்டாணி ஷூவை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தாள்.

"காலையிலேர்ந்து இப்படித்தான் இருக்கா," என்றாள் அக்கா. "நீ வந்தா அவரும் வருவார்னு நெனச்சுக்கிட்டு."

பட்டாணி எழுந்தாள். மாமனின் காலை விலக்கிவிட்டு, அவனுக்குப் பின்னாலிருந்த படிக்கட்டை எட்டிப் பார்த்தாள்.

அவன் உட்கார்ந்து பந்தை எடுத்து வைத்தான். கரண்டியை எடுத்து வைத்தான். எதற்கும் அவள் வாய் திறக்கவில்லை, ஆங்கிலத்தில்கூட. படிக்கட்டில் யாராவது ஏறிவரும் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து நின்றாள்.