புறா விரட்டிய தட்டு

கடன் கம்பெனி அனுப்பிய பொட்டலத்தில் நூற்றுப் பன்னிரண்டு தாள்களும் அவற்றுக்கு நடுவே ஒரு குறுந்தட்டும் இருந்தன. நோரீன் மம்பியின் வீட்டில் அதைப் போட்டுக் கேட்க எந்தக் கருவியும் கிடையாது. பக்கத்து வீட்டு மார்ஜி தட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“சும்மா பூச்சாண்டி காட்டுறானுங்க. தட்டு அனுப்பிட்டா நாம அரண்டுபோய் காசக் கட்டிடுவோம்னு நெனப்பு. குடு, நான் எடுத்துக்கறேன். என் முட்டைகோஸ திங்க வர்ற புறாவ வெரட்டவாவது ஆகும்.”

அப்படித்தான் ஆகஸ்ட் மாதம் அந்தத் தட்டு, ரயில் பாதையோரம் மார்ஜி குத்தகைக்கு வைத்திருந்த தோட்டத் துண்டில், இரண்டு கழிகளுக்கு நடுவே நூலில் தொங்கப் போயிற்று. இங்கிலாந்தின் கடலோர ஊரான கிரிம்ஸ்பியில் காற்றுக்குப் பஞ்சமில்லை. தட்டு சுற்றிச் சுற்றி மின்னியது. புறாக்கள் உண்மையிலேயே பயந்தன.

மார்ஜி சொன்னால் நோரீன் கேட்பாள். மீன் பாக்டரியில் இருபத்திரண்டு வருஷம் ஒரே மேசையில் நின்று கைவிரல் மரத்துப்போக ஹேடாக் மீன் அடுக்கியவர்கள் இருவரும். தவிர, மார்ஜி மூன்று முறை கோர்ட்டுப் படி ஏறியவள். ஒன்று துணி துவைக்கும் இயந்திரத்துக்காக, ஒன்று நாய்க்காக, ஒன்று இரண்டாவது புருஷனுக்காக. நாய் வழக்கில் மட்டும்தான் ஜெயித்தாள். அது போதும் அவளுக்கு, தெருவுக்கே சட்டம் சொல்ல.

வழக்கு இதுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நோரீனும் அவள் புருஷன் ராயும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, மீன் விற்கும் வேனுக்காகக் கடன் வாங்கினார்கள். ராய் அந்த வேனை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவான். அவன் தெருமுனையில் நின்று ஒரு கூவல் போட்டால் தேவாலயத்துக்குள் இருக்கிறவர்கள்கூட சில்லறையைத் தடவிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட தொண்டையில்தான் புற்று வந்தது. வேன் நின்றது, தவணையும் நின்றது. ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஒரு வருஷமும் சில மாதங்களும் இருந்தான். குழந்தைகள் எழுதிப் பழகும் வெள்ளைப் பலகையில் எழுதி எழுதிப் பேசினான். எழுதியதைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு அடுத்ததை எழுதுவான். அவன் எழுதியது ஒன்றுகூட மிச்சமில்லை.

சட்டப்படி, கடைசியாகப் பணம் கட்டி ஆறு வருஷத்துக்குள் கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்கு வராவிட்டால் அந்தக் கடனை வழக்காடி வாங்க முடியாது. ராய் தவணையை நிறுத்தி எட்டு வருஷமாகிறது. கம்பெனியோ, இல்லை, ஆறு வருஷத்துக்கு முந்தின மார்ச்சில் அவன் போனில் கூப்பிட்டு ஐந்து பவுண்டு கட்டினான், கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது என்றது. அந்தக் கெடு முடிய இரண்டே மாதம் இருக்கும்போது வழக்குப் போட்டுவிட்டார்கள்.

“போன்லயா?” என்று நோரீனுக்குக் கோபம் தலைக்கேறியது. “அந்த மார்ச்சுலதான் அவனுக்குத் தொண்டைய எடுத்தாங்க. போன்ல யாரு பேசினா, பேயா?”

“இதையே எழுது. அப்படியே எழுது. பேயை மட்டும் விட்டுரு,” என்றாள் மார்ஜி.

எழுதினாள். என் கணவருக்கு அந்த மாதம் பேச்சு கிடையாது, நான் சொல்வது உண்மை என்று கீழே கையெழுத்தும் போட்டாள். ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினாள்.

மூவாயிரத்து இருநூறு பவுண்டு என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிது லிங்கன் நகரில் இருந்த வீடு. மகள் ஷெரில் வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளி, கீழ்த்தளத்தில், படியே இல்லாத ஒரு சின்ன வாடகை வீடு. நோரீனுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. இப்போதிருக்கும் ஆல்டர் தெரு வீட்டில் படுக்கையறைக்குப் பதினான்கு படி. தினமும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறுகிறாள். லிங்கன் வீட்டுக்காரர், விசாரணை முடியட்டும், உங்கள் பெயரில் தீர்ப்பு ஒன்றும் விழாவிட்டால் சாவி உங்களுக்குத்தான் என்று சொல்லியிருந்தார். தீர்ப்பு விழுந்தால் அது அவள் பெயரில் ஆறு வருஷம் அரசுப் பதிவேட்டில் நிற்கும். ஒரே மாதத்தில் முழுப்பணத்தையும் கட்டினால்தான் அழியும். அந்தப் பணத்துக்கு அவள் எங்கே போவாள்? அறுபத்தாறு வயதில் ஆறு வருஷம் காத்திரு என்று முழங்காலிடம் யார் சொல்வது?

நவம்பரில் விசாரணை. கோர்ட்டு என்றால் கூண்டும் நீதிபதி தலையில் பொய்முடியும் இருக்கும் என்று நினைத்திருந்தாள். இருந்தது ஒரு மேசையும் ஆறு நாற்காலியும்தான். மேசைத் தலைமாட்டில் நீதிபதி அம்மா, சளி பிடித்து, இருமல் மிட்டாய் டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே கம்பெனி வக்கீல் ஹார்டி. நல்ல மனிதன்போலத்தான் இருந்தான், அதுவே நோரீனுக்குப் பிடிக்கவில்லை. கூட உட்கார்ந்து காதில் சொல்லிக்கொடுக்க மார்ஜிக்கு அனுமதி கிடைத்தது. சவ அடக்கத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

நீதிபதி ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்தார். “அறுவை சிகிச்சை பன்னிரண்டாம் தேதி காலையிலன்னு இருக்கு, மிஸஸ் மம்பி. போன் வந்ததா அவங்க சொல்றது பதினோராம் தேதி சாயங்காலம் ஏழு மணிக்கு.”

பதினோராம் தேதி நோரீனுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆறே முக்கால் மணி பஸ்ஸுக்காகக் கிளம்பும்போது, ராய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்தபடி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: “புதன்கெழம குப்பைத் தொட்டிய வெளில வைக்க மறந்துறாத.” அவன் வாயால் அவளிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். முப்பத்தெட்டு வருஷக் கல்யாணத்துக்குக் குப்பைத் தொட்டி. அவன் செத்த பிறகும்கூட அதை அவளால் மன்னிக்க முடியவில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை.

“அன்னிக்கு அவரால பேச முடிஞ்சுதா?” என்று நீதிபதி கேட்டார்.

“கட்டின தொண்டை. ஆனா... பேசினாரு.”

“பதிவு இருக்கு, அம்மா,” என்றான் ஹார்டி. “எதிர்த்தரப்புக்கும் தட்டு அனுப்பியிருக்கோம்.”

மார்ஜி தன் கைப்பையின் ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹார்டி மடிக்கணினியைத் திருப்பி வைத்தான். முதலில் இயந்திரக் குரல், அழைப்பு பதிவாகிறது என்றது. அப்புறம் ஒரு பெண் பெயரும் முகவரியும் கேட்டாள்.

“ராய் மம்பி. நாப்பத்தொண்ணு, ஆல்டர் தெரு, கிரிம்ஸ்பி.”

கரகரத்த குரல். யார் குரலாகவும் இருக்கலாம், சளி பிடித்த எந்தக் கிழவனின் குரலாகவும். நோரீன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ எந்த ஊரும்மா? கார்டிஃபா? பாவம், அங்க மீனு நல்லா இருக்காதே. சரி, கேளு. நாளைக்குக் காலைல என் தொண்டையில கத்தி வைக்கறாங்க. அப்புறம் எனக்குப் பேச்சு கெடையாது. அதான் இன்னிக்கே கூப்பிட்டேன். கார்டுல அஞ்சு பவுண்டுதான் இருக்கு, எடுத்துக்கோங்க. ஆனா வீட்டுக்கு போன் அடிக்காதீங்க. என் பொண்டாட்டி தனியா இருக்கா. மணி அடிச்சாலே ஆஸ்பத்திரியிலேர்ந்துதான்னு பதறிப்போவா. லெட்டர் போடுங்க. என் பேருக்குப் போடுங்க.”

“குறிச்சிக்கிட்டேன் சார். வேற ஏதாவது?”

“ஒண்ணுமில்ல.” இருமல். “அவ இப்பதான் போனா. ஒழுங்கா ஒரு வார்த்தை பேசல நான். குப்பைத் தொட்டியப் பத்திச் சொல்லி அனுப்பிட்டேன். வேற என்ன சொன்னாலும் அழுதுருப்பேன் பாரு. நான் அழுதா அவ பஸ்ஸ விட்டுருப்பா. சரிம்மா, வைக்கறேன். நல்லா இரு.”

ஹார்டி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். நீதிபதி டப்பாவைத் திறந்தார், மிட்டாயை எடுக்காமலே மூடினார்.

“மிஸஸ் மம்பி, நான் வெளிப்படையாச் சொல்லிடறேன். பணம் கட்டின கார்டு விவரத்தைக் கம்பெனி வச்சிக்கல. பெயரும் முகவரியும் யார் வேணும்னாலும் சொல்லலாம். இது உங்க கணவர்தான்னு நிரூபிக்க வேண்டியது அவங்க பொறுப்பு, அவங்ககிட்ட இந்தக் குரலைத் தவிர வேற எதுவும் இல்ல. இது அவர் குரல்தானா?”

மேசைக்கு அடியில் மார்ஜியின் கால் நோரீனின் காலை அழுத்தியது. ஒரு தடவை, அப்புறம் பலமாக இன்னொரு தடவை. இல்லை என்று ஒரு வார்த்தை. தெரியவில்லை என்றால்கூடப் போதும். பதினான்கு படியும், ஷெரில் வீட்டு வாசலும், அந்த வீட்டுச் சாவியும் நோரீனின் கண்முன் வந்து நின்றன. அட பாவி மனுஷா, என்னைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி இப்படி மாட்டிவிட்டாயே என்று வயிறு எரிந்தது. அதே நேரம், ஆறு வருஷமாக நெஞ்சில் கிடந்த அந்தக் குப்பைத் தொட்டி எங்கோ கரைந்து போயிருந்தது. இல்லை என்று சொன்னால் அந்தக் குரல் யாரோ ஒரு கிழவனுடையதாகிவிடும். அந்தக் கிழவன் பயந்தது வேறு யாரோ ஒருத்திக்காக என்றாகிவிடும்.

“என் ராய்தான்,” என்றாள்.

மார்ஜியின் கால் விலகியது.

“அம்மா, கோவிச்சுக்காதீங்க,” என்று நோரீன் நீதிபதியைப் பார்த்தாள். “அத இன்னொரு தடவ போடச் சொல்றீங்களா?”

நீதிபதி தலையசைத்தார். ஹார்டி மறுபடி போட்டான். இந்தத் தடவை நோரீன் சத்தமில்லாமல் அழுதாள், மூக்கைத் துடைக்கக்கூட மறந்து. கார்டிஃப் மீன் வந்த இடத்தில் மட்டும் சிரித்தாள்.

தீர்ப்பு ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. ஆறு வருஷக் கணக்கு அந்த ஐந்து பவுண்டிலிருந்து தொடங்குகிறது, அது சேர்ந்து கையெழுத்துப் போட்ட இருவருக்கும் பொருந்தும், எனக்கு வேறு வழியில்லை என்றார் நீதிபதி. மாதம் இருபது பவுண்டு. சொல்லும்போது அவர் குரலும் கரகரத்தது. அது சளிதானோ என்னவோ.

வெளியே நடையில் நோரீன் ஹார்டியை நிறுத்தினாள். “அந்தப் பேச்சப் பதிஞ்சு எனக்கு ஒண்ணு குடுக்க முடியுமா, தம்பி?”

“உங்ககிட்டயே இருக்கே. ஆகஸ்ட்ல அனுப்பின தட்டுல முழுசும் இருக்கு. பத்திரமா வச்சிக்கோங்க,” என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடினான்.

மார்ஜி அங்கிருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். நோரீன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ஜியின் பழைய காரிலேயே நேராகத் தோட்டத்துக்குப் போனார்கள். தூறிக்கொண்டிருந்தது. தட்டு அங்கேயே தொங்கியது, மூன்று மாத வெயிலும் மழையும் பட்டு, நூல் தேய்த்த இடம் வெளுத்துப்போய். நோரீன் நூலை அறுத்து, தட்டைக் கோட்டுக் கையால் மெல்லத் துடைத்தாள்.

“என் காருல தட்டுப் போடற பொட்டி இருக்கு,” என்றாள் மார்ஜி. அவள் முகம் வீங்கியிருந்தது. “பாடுதா பாப்போம், கண்ணு.”

பெட்டி இரண்டு தடவை தட்டை வெளியே துப்பியது. மூன்றாவது தடவை எடுத்துக்கொண்டது. நிறைய இரைச்சல். இயந்திரக் குரல் வந்தது, அப்புறம் அந்தப் பெண்.

“ராய் மம்பி. நாப்பத்தொண்ணு, ஆல்டர் தெரு...”

டக்கென்று ஒரு சத்தம். தட்டு சிக்கிப் பின்னால் போயிற்று.

“நாப்பத்தொண்ணு, ஆல்டர் தெரு... நாப்பத்தொண்ணு, ஆல்டர் தெரு...”

அதைத் தாண்டிப் போகவேயில்லை. கார்டிஃப் மீனும் இல்லை, பொண்டாட்டியும் இல்லை, குப்பைத் தொட்டியும் இல்லை. மார்ஜி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தாங்க முடியாமல் பொத்தானை அமுக்கக் கையை நீட்டினாள். நோரீன் அந்தக் கையைப் பிடித்துக் கீழே வைத்தாள்.

“விடு, மார்ஜி. பாடட்டும். நான்தான் எங்கயும் போகப்போறதில்லையே.”