டேப்புக்கு அடங்காத குவார்ட்டர்ஸ்

அது எழுபத்தாறா எழுபத்தேழா என்று இப்போது எனக்கு உறுதியில்லை. ஆண்டுகளை மாற்றிப் போட்டிருக்கக்கூடும். ஆனால் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில், பேச்சியம்மாளின் குவார்ட்டர்ஸில், சமையலறைக்குப் பின்னால், யாரும் கட்டாமல் ஓர் அறை வந்தது ஆடி மாதத்தில்தான். காயப்போட்ட துணியிலெல்லாம் கரித்தூசி படியும் காற்றுக்காலம் அது.

பேச்சியம்மாள் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. கணவர் சங்கரலிங்கம் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். அவர் ஷிப்டுக்குப் போனதும் அவள் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கதை எழுதி டிரங்குப் பெட்டியில் போட்டுவிடுவாள். அந்த ஆடியில் ஒரு நாள் என்ன தோன்றியதோ, துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாளுக்கு ஒரு கதையை வாசித்துக் காட்டினாள். மறுநாள் காலை அந்த அறை இருந்தது, வெள்ளையடித்து, மற்ற அறைகளைப் போலவே ஜன்னல் வைத்து. அடுத்த கதையைக் கேட்கத் தெருப்பெண்கள் வந்தார்கள். இன்னோர் அறை வந்தது. வெளிச்சுவர் ஓர் அங்குலமும் நகரவில்லை.

பிளாக்கில் யாரும் அதிசயப்படவில்லை, சந்தேகப்பட்டார்கள். கிரேடுக்கு ஏற்ற குவார்ட்டர்ஸ் என்பதுதான் அந்த ஊரின் நியாயம். சங்கரலிங்கம் யாரைப் பிடித்தார் என்று கேண்டீனில் பேசிக்கொண்டார்கள். கஸ்தூரியம்மாளுக்கு வேறு சந்தேகம்: கதையில் வரும் வாயாடி தான்தானோ என்று. சங்கரலிங்கம் பயந்தார். அனுமதியில்லாத அறை என்றால் அலாட்மென்ட் ரத்தாகும். ஊரில் திரும்பிப்போக வீடில்லை. எழுதிக்கொள், ஆனால் யாருக்கும் வாசிக்காதே என்றார்.

அவளும் வாசிக்கவில்லை. ஐப்பசிக்குள் புது அறைகள் மறைந்தன. அதோடு நிற்காமல், அவள் எழுதிப் பூட்டப் பூட்டப் பழைய அறைகளும் உள்வாங்கின. மார்கழியில் கட்டில் இரண்டு சுவரையும் தொட்டது. ஒருவர் புரண்டு படுக்க மற்றவர் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. வாசித்தால் வீடு போய்விடும். வாசிக்காவிட்டால் வீடே நசுக்கிவிடும்.

யாரோ புகார் கொடுத்து, தை பிறந்ததும் குவார்ட்டர்ஸ் இன்ஸ்பெக்டர் குஞ்சிதபாதம் அளவு டேப்போடு வந்தார். கூடுதல் அறையைத் தேடி வந்தவருக்கு, உள்ளளவு பிளானைவிடக் குறைவாக இருந்ததில் சந்தேகம் இரட்டித்தது.

"மிச்ச ரூம எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"அவளப் படிக்கச் சொல்லுங்க சார், வூடு தானா வரும்," என்றாள் வாசலில் நின்ற கஸ்தூரியம்மாள். "எம் மானத்த வாங்கிகினு இருக்கற கதைதான."

சங்கரலிங்கம் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். பிறகு பேச்சியம்மாளிடம், "வாசி," என்றார்.

சுரங்கம் தோண்ட நிலம் எடுத்ததில் தன் முந்திரித்தோப்பை இழந்த ஒருத்தியின் கதை அது. வாசிப்பு முடிந்தபோது கஸ்தூரியம்மாளின் குரல் இறங்கியிருந்தது.

"எங்க முத்தாண்டிக்குப்பத்துத் தோப்பப் பத்தி நான் ஆருகிட்டயும் சொன்னதில்லியே."

"துணி காயப்போடுறப்ப நீங்க எப்பவும் சுரங்கத்துப் பக்கம் முதுகக் காட்டித்தானக்கா நிப்பீக," என்றாள் பேச்சியம்மாள்.

சுவர் பின்வாங்கியது. குஞ்சிதபாதத்தின் கையிலிருந்த டேப் கடைசிவரை உருவிக்கொண்டு போனது. பின்னால் ஓர் அறை திறந்தது. அதன் ஜன்னலுக்கு வெளியே முந்திரி பூத்திருந்தது. கஸ்தூரியம்மாள் உள்ளே போய் உட்கார்ந்தாள். பொழுது சாயும்வரை அவளை யாரும் கூப்பிடவில்லை.

குஞ்சிதபாதம் வெளியே போய் மறுபடி அளந்தார்.

"வெளியளவு சரியா இருக்குங்க. உள்ள எவ்ளோன்னு கேக்கச் சொல்லி எனக்கு ஆர்டர் இல்ல," என்றார். காப்பியைக் குடித்துவிட்டு, அடுத்த கதை என்றைக்கு என்று விசாரித்தார்.

பிறகு அவர் மாற்றலாகிப் போனார். சங்கரலிங்கம் எண்பதுகளின் நடுவில் ரிட்டையராகி, பேச்சியம்மாளோடு பண்ருட்டியில் ஒற்றை அறை ஒன்றில் வாடகைக்கு இருந்தார். கதை கேட்க வருகிறவர்கள் எல்லோருக்கும் அதில் இடம் இருந்தது. அந்தக் குவார்ட்டர்ஸ் அடுத்து வந்தவர்களுக்குப் பிளானில் உள்ள அளவிலேயே கிடைத்தது. கஸ்தூரியம்மாள் தானும் எழுத ஆரம்பித்தாள். அவள் கதைகளில் ஊமைக்கோட்டான் ஒருத்தி வருவாள், பெயர் பேச்சி. கஸ்தூரியம்மாளின் குவார்ட்டர்ஸிலும் பின்னால் ஓர் அறை வந்தது. அதன் ஜன்னல் வழியே பறிக்கும் முந்திரிக்கொட்டையை அவள் வருஷாவருஷம் பண்ருட்டி மண்டியில் போட்டாள். மற்ற கொட்டைக்கு என்ன விலையோ, அதே விலைதான் கிடைத்தது.